சோபா அவருடையது, தோசைக்கல் நம்முடையது: சிங்கப்பூர் வாடகை வீட்டுக்கு எதைக் கொண்டு வருவது, எதை இங்கே வாங்குவது?

பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் சிங்கப்பூர் வந்தபோது கையில் இருந்தது மூன்று பெட்டி, ஒரு தோள்பை, நான்கு வயது மகள். அவ்வளவுதான் குடித்தனம். வாடகைக்குப் பேசியிருந்த வீட்டில் எல்லா வசதியும் உண்டு என்று முகவர் சொல்லியிருந்தார். பொய் சொல்லவில்லை. கூடத்தில் சோபா இருந்தது. அதற்கு எதிரே சுவரை அடைத்துக்கொண்டு டிவி அலமாரி. எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, மூன்று படுக்கையறையிலும் கட்டில், மெத்தை, குளிர்சாதனம். சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஆறு வைன் கிளாஸ், ஒரு கட்டு முள்கரண்டி, அடி கறுத்த வாணலி ஒன்று. அன்று இரவு கீழே கோப்பிக் கடையில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு முறை வீடு மாறியாகிவிட்டது. எங்களுக்குப் பின்னால் வந்த உறவினர்கள், என் கணவரோடு வேலை பார்ப்பவர்கள் என்று ஏழெட்டுக் குடும்பங்கள் குடியேறுவதையும் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான். எல்லாச் சாமானும் உள்ள வீட்டை எடுப்பதா, பாதி வீட்டை எடுத்து மீதியை நாமே நிரப்புவதா? ஊரிலிருந்து கப்பலில் போடுவதா, வெறுங்கையோடு வந்து இங்கே வாங்குவதா? புதிதா, பழையதா? நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரின் அகராதியில் வசதி என்றால் வரவேற்பறை. நம் அகராதியில் சமையலறை. அவருடைய வசதியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். நம்முடையதைச் சொந்தமாகத்தான் சேர்க்க வேண்டும். இது ஒத்துவராத குடும்பங்களும் உண்டு. அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

முழுசா, பாதியா?

இங்கே வீட்டு விளம்பரங்களில் புழங்கும் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபுல்லி ஃபர்னிஷ்டு என்றால் கட்டில், மெத்தை, சோபா, மேசை, துணி அலமாரி, குளிர்பதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம் எல்லாம் இருக்கும். பார்ஷியலி ஃபர்னிஷ்டு என்றால் பெரும்பாலும் விளக்கு, திரைச்சீலை, குளிர்சாதனம், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றோடு நிற்கும். கட்டிலும் சோபாவும் நம் பொறுப்பு. வீட்டுக்கு வீடு இந்த எல்லை நீளும், குறுகும். அதனால் வீடு பார்க்கப் போகும்போது அலமாரிக் கதவுகளைத் திறந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள். கட்டிலில் உட்கார்ந்தும் பாருங்கள். முகவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

வீவக வீடு, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு தேடுகிறவர்களை ஏமாற்றும் ஒரு கணக்கு உண்டு. இங்கே நாலறை வீடு என்றால் கூடத்தையும் சேர்த்து நாலு. படுக்கையறை மூன்றுதான். மூவறை வீட்டில் இரண்டு. நம் ஊரில் படுக்கையறையை மட்டும் எண்ணிப் பழகியவர்கள் மூவறை என்று கேட்டுவிட்டு, வீட்டைப் பார்த்ததும் ஓர் அறையைக் காணோமே என்று தேடுவதுண்டு. நாங்களும் தேடினோம்.

முழு வீடா பாதி வீடா என்பதை முடிவு செய்வது தங்கப்போகும் காலம். மூன்று மாதத்துக்கும் குறைவு என்றால் கேள்விக்கே இடமில்லை. தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது இங்கே சட்டப்படி குற்றம். அத்தனை குறுகிய காலத்துக்கு ஹோட்டல் அல்லது சர்வீஸ் அபார்ட்மென்ட்தான். பின்னதில் ஏழு நாளிலிருந்து தங்கலாம். வீவக வீட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் ஒப்பந்தம் போட வேண்டும். ஒரு தடவையில் இத்தனை ஆண்டு வரைதான் என்ற உச்சவரம்பும் உண்டு. மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் முழு வீவக வீட்டையும் எடுப்பதாக இருந்தால் ஒதுக்கீடும் உண்டு: பேட்டைக்கு, அதாவது ஒரு குடியிருப்பு வட்டாரத்துக்கு, 8 விழுக்காடு; புளோக்குக்கு, அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, 11 விழுக்காடு. அந்த வரம்பு நிரம்பிவிட்ட புளோக்கில் வீட்டுக்காரர் சம்மதித்தாலும் நமக்கு வீடு கிடைக்காது. சாமான் கணக்குப் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். சோபாவின் அளவு வரை எடுத்துக்கொண்டு வந்தபின் வீடே கைநழுவிப் போன குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

இனிப் பணக் கணக்கு. ஒரே புளோக்கில் முழு வசதி வீடு மாதம் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்பார்கள்), பாதி வசதி வீடு 3,300 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஆண்டுக்கு 2,400 வெள்ளி, இரண்டு ஆண்டுக்கு 4,800. அந்தப் பணத்தில் மூன்று கட்டில், மூன்று மெத்தை, சோபா, சாப்பாட்டு மேசை, துணி அலமாரிகள் வாங்க வேண்டும். லாரிக் கூலி, பொருத்துக்கூலி கொடுக்க வேண்டும். போகும்போது விற்க வேண்டும், விற்காததை அப்புறப்படுத்த வேண்டும். புதியதும் பழையதுமாகக் கலந்து நாங்கள் போட்ட கணக்கில் முதல் ஆண்டு முழு வசதி வீடுதான் லாபம். இரண்டாம் ஆண்டு முடிவில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். மூன்றாம் ஆண்டிலிருந்து சொந்தச் சாமான் முந்துகிறது. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் வளைவு இதேபோலத்தான் போகும்.

அதனால் நான்கைந்து ஆண்டு இருப்போம், நிரந்தரவாசத்துக்கும் விண்ணப்பிப்போம் என்று தெளிவாக இருப்பவர்கள் பாதி வசதி வீட்டை எடுப்பதே நல்லது. முதுகுவலியோடு வயதான மாமனார் மாமியார் கூட இருந்தால் அப்போதும் அதுதான் சரி. அடுத்தவர் எட்டு ஆண்டு படுத்த மெத்தையில் அவர்களைப் படுக்க வைக்க முடியாது. தனியாக வரும் இளைஞர்களுக்கு இந்த விவாதமே வேண்டாம். பலர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறையோ, மாதக் கட்டணத்தில் எல்லாம் அடங்கிய கோ-லிவிங் அறையோ எடுத்துக்கொண்டு, ஒரு பெட்டியோடு வந்து ஒரு பெட்டியோடு போகலாம். அறை விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்று இருந்தால் மட்டும் எச்சரிக்கை. முட்டை பொரிக்கலாம், நூடுல்ஸ் வேகவைக்கலாம் என்று அதற்குப் பொருள். கடுகு தாளிப்பது அந்த 'லைட்'டில் அடங்காது.

முழு வசதி வீட்டில் வெளியே பேசப்படாத தொல்லை ஒன்று உண்டு. சாமான் குறைவாக உள்ளவர்களுக்கு வீடு வெறிச்சோடிக் கிடக்கும் என்றுதான் நாம் பயப்படுகிறோம். நடப்பது நேர்மாறு. வீடு அடுத்தவர் சாமானால் நிறைந்திருக்கும். எங்கள் எட்டுப் பேர் மேசை கூடத்தில் பாதியை விழுங்கியது. நாங்கள் மூன்று பேர் அதன் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட ஒரு சிற்றறை இருக்கும். போர்க்காலப் புகலிடமாகக் கட்டியது. எல்லோரும் சாமான் அறையாக வைத்திருக்கிறார்கள். நம் பெட்டிகளை அங்கே போட்டுவிடலாம் என்று திறந்தால், வீட்டுக்காரரின் கிறிஸ்துமஸ் மரமும் பழைய மின்விசிறிகளும் அங்கே குடியிருந்தன. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எது வேண்டாம் என்று சொன்னால் பல வீட்டுக்காரர்கள் எடுத்துவிடுவார்கள். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால், எங்கே கொண்டு வைப்பது என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். எங்களுக்கு இது இரண்டாவது வீட்டில்தான் தெரிந்தது.

கப்பலா, பெட்டியா?

என் மாமியாருக்கு ஒரே பிடிவாதம். கிரைண்டர் இல்லாமல் எப்படிக் குடும்பம் நடத்துவாய் என்று கேட்டு, டேபிள்டாப் கிரைண்டரையும் இன்னும் ஐந்து அட்டைப் பெட்டிகளையும் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். சிறு சரக்குக்குக் கன மீட்டர் அளவில் கட்டணம் வாங்குகிறார்கள். குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருப்பதால் கொஞ்சம் அனுப்பினால் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்ற கணக்கு பலிக்காது. சென்னையிலிருந்து கப்பல் ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது. எங்கள் பெட்டிகள் வாசலுக்கு வர ஐந்து வாரம் ஆனது. மீதி நான்கு வாரம் கிட்டங்கியிலும் தாளிலும் கழிந்தது. அனுப்பிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை; அவர்கள் உடைத்த ஊறுகாய் ஜாடியின் வாசனையை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

இங்கே இறக்குமதியாகும் பொருளுக்குப் பொருள் சேவை வரி உண்டு. 2024 ஜனவரியிலிருந்து அது 9 விழுக்காடு. குடிபெயர்ந்து வருகிறவர்களின் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு நிபந்தனையோடு விலக்குத் தருகிறார்கள்: குறைந்தது மூன்று மாதமாவது நாம் வைத்திருந்து பயன்படுத்தியதாக இருக்க வேண்டும், நாம் வந்து ஆறு மாதத்துக்குள் சாமான் வந்து சேர வேண்டும், வந்த மூன்று மாதத்துக்குள் விற்கக் கூடாது. அதனால் கப்பலில் போடுவதற்கென்றே கல்யாண் நகைக்கடை வாசலில் நிற்பதுபோல வரிசையில் நின்று புதுச் சாமான் வாங்கிக் குவிப்பதில் அர்த்தமில்லை. இன்னொரு சங்கதி: வெளிநாடு போய் 48 மணி நேரத்துக்கு மேல் தங்கித் திரும்புகிறவர்களுக்கு 500 வெள்ளி வரை வரி விலக்கு என்று விமான நிலையப் பலகையில் பார்ப்பீர்கள். வேலை அனுமதி, எம்பிளாய்மென்ட் பாஸ், டிப்பெண்டன்ட் பாஸ், மாணவர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்த விலக்கு கிடையாது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் புது மிக்ஸியோடு திரும்பினால் முழு விலைக்கும் வரி. முதல் தடவை வரும்போது கொண்டுவரும் பழைய பாத்திரத்துக்கு இந்தக் கவலை இல்லை. ஆகவே எதைக் கொண்டுவருவது என்று யோசிக்க உகந்த நேரம் முதல் பயணம்தான்.

கிரைண்டர் வந்தது. கல்லோடு சேர்த்துப் பத்துக் கிலோவுக்கு மேல். அதை வைக்கச் சமையலறை மேடையில் இடமில்லை. கூடத்தில் அந்தப் பெரிய மேசைமீது வைத்து அரைத்தேன். மேல் வீட்டில் இருந்தவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் அக்கா. ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாவுதான் தேக்காவில் பாக்கெட்டில் விற்கிறார்களே, நானே அதைத்தான் வாங்குகிறேன்" என்றார். தேக்கா என்பது இங்கே லிட்டில் இந்தியாவில் உள்ள சந்தை. அந்த மாவில் புளிப்பு சரியாக வராது என்று வாதாடினேன். இப்போதும் வாதாடுவேன். ஆனால் கிரைண்டரின் விலையையும் கப்பல் கூலியையும் கூட்டிப் பார்த்தால், சிராங்கூன் ரோட்டில் புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம்.

என் தீர்ப்பு: கப்பல் வேண்டாம். ஒரு விதிவிலக்கு, புத்தகம் நிறைய வைத்திருக்கும் குடும்பம், அதுவும் நீண்ட காலம் தங்கப்போகிற குடும்பம். அவர்களையும் எச்சரிக்கிறேன்: இந்த ஊரின் ஈரக்காற்று புத்தகத்தையும் தோல்பொருளையும் மரத்தையும் பூஞ்சை பிடிக்கவைக்கும்.

சமையலறை

முழு வசதி வீட்டில் உண்மையிலேயே இல்லாதது இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் அடுப்பைப் பாருங்கள். மேல் வீட்டு அக்கா எனக்கு முதல் வாரமே சொன்ன வார்த்தை, "சட்டி பானை அப்புறம் வாங்கலாம் மா, அடுப்பு என்ன அடுப்பு என்று பார்." வீவக வீடுகளில் பெரும்பாலும் குழாய் எரிவாயு அல்லது சிலிண்டர். ஊர்ப் பாத்திரம் எதுவும் அதில் நிற்கும். கூட்டுரிமை வீடுகளில், அதாவது தனியார் காண்டோக்களில், குறிப்பாகப் புதியவற்றில், இண்டக்‌ஷன் அடுப்பு அதிகம். அதில் அலுமினியக் குக்கரும் அலுமினிய இட்லிப் பானையும் வேலை செய்யாது. செம்பும் பித்தளையும் அப்படித்தான். காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும். பெட்டி கட்டும் முன் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்த பொம்மையை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாததை ஊரிலேயே விட்டுவிடுங்கள். எவர்சில்வரிலும் எல்லாம் ஒட்டாது. இரும்புத் தோசைக்கல் ஒட்டும், சூடாகும். ஆனால் கண்ணாடி மேடைமீது அதை இழுத்தால் கீறல் விழும், கீறலுக்கு முன்பணத்திலிருந்து கழிப்பார்கள். தூக்கி வைத்துத் தூக்கி எடுக்க வேண்டும். அடி தட்டையாக இல்லாத பழைய கல்லுக்கு இண்டக்‌ஷன் சரிவராது.

அடுத்தது மின்சாரம். இந்த விஷயத்தில் அமெரிக்கா போகிறவர்கள் படும் பாடு நமக்கு இல்லை. இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இங்கேயும் அதே. மிக்ஸி அப்படியே ஓடும். வேறுபடுவது பிளக்தான். நமக்கு உருண்டைக் கால், இங்கே பிரிட்டிஷ் முறையில் மூன்று தட்டைக் கால், உள்ளே 13 ஆம்பியர் வரை ஃபியூஸ். விமான நிலையத்தில் விற்கும் பயண அடாப்டரில் மிக்ஸியை மாட்டாதீர்கள், அது செல்பேசிக்கு. எலெக்ட்ரிக்கல் கடையில் கொடுத்துப் பிளக்கையே மாற்றிக்கொள்ளலாம். நீட்டிப்புக் கம்பியும் அடாப்டரும் வாங்கும்போது சேஃப்டி மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் எதை வைப்பது? பல வீடுகளைப் பார்த்தபின் என் பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பழகிய தோசைக்கல், மூன்று லிட்டர் இண்டக்‌ஷன் குக்கர் ஒன்று, அதற்கு ஒரு கேஸ்கெட்டும் வெயிட்டும் உபரியாக, இட்லித் தட்டு, அஞ்சறைப் பெட்டி, காபி பில்டர், தேங்காய்த் துருவி. முறுக்கு உழக்கும் இடியாப்ப உழக்கும் விருப்பம். இவை சேர்ந்தாலும் ஒரு பெட்டியின் பாதி எடைதான். இதில் கேஸ்கெட்டைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கேஸ்கெட் போன ஞாயிற்றுக்கிழமை பருப்பு வேகாமல் பசியோடு காத்திருந்திருக்கிறேன்.

மீதி எல்லாம் இங்கே கிடைக்கும். சையத் ஆல்வி ரோட்டில் முஸ்தபா பேரங்காடிக்குப் போனால் ஊர் மிக்ஸி, ஊர் குக்கர், எவர்சில்வர் டம்ளர், வடிதட்டு வரை இருக்கிறது. விலை ஊரைவிடக் கூடுதல். ஆனால் பிளக் இந்த ஊருக்கானதாக இருக்கும், கெட்டுப்போனால் கொண்டுபோய்க் கேட்க ஓர் இடமும் இருக்கும். மிக்ஸி விஷயத்தில் அதனால்தான் ஊரில் வாங்கிச் சுமப்பதைவிட இங்கே வாங்குவதையே நான் ஆதரிக்கிறேன். அரிசி, பருப்பு, மசாலா சுமந்து வருவது வீண். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் கிடைக்கும்போது, துவரம்பருப்பு கிடைக்காமலா போகும்? அம்மா கையால் அரைத்த குழம்புப் பொடியை மட்டும் கொண்டு வாருங்கள். அதற்கு இங்கே ஈடு இல்லை.

சமையல் வாடை பற்றியும் சொல்லாமல் விட முடியாது. இந்தியர்கள் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே எழுதிய காலம் இருந்தது; இன்று முகவர்கள் அப்படி எழுதக் கூடாது என்று சொல்லப்படுகிறது, ஆனால் தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்கிற குரல் இன்னும் இருக்கிறது. எங்களுக்கு இரண்டு முறை நடந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் வெளிப்படையாகவே கேட்டார்: தினமும் சமைப்பீர்களா? ஆமாம் என்றேன். புகைபோக்கியைச் சுத்தம் செய்து வைத்தால் போதும் என்றார். அவர் வீட்டில் இரண்டு ஆண்டு இருந்தோம். சமைக்க மாட்டோம் என்று பொய் சொல்லி வீடு எடுத்தவர்கள் குக்கர் விசிலுக்கெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பத்து நாள் கூடுதலாக வீடு தேடலாம்.

சாமி அலமாரிக்கும் இங்கேயே இடம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். சுவரில் ஆணி அடிக்கப் பல ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை. நாங்கள் சமையலறை அலமாரி ஒன்றின் கதவைத் திறந்து வைத்து அதையே பூஜை இடமாக்கினோம். விளக்கு, குங்குமம், சாம்பிராணி எல்லாம் லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் பக்கம் கிடைக்கும். சாம்பிராணி போடும் நாளில் கூரையைப் பாருங்கள்: புகை எச்சரிக்கைக் கருவி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டபின் தூபக்காலைத் தூக்குங்கள்.

புதிதா, பழையதா?

இதில் என் விதி எளிது. துணி போர்த்தியது எதையும் பழையதாக வாங்காதீர்கள். மரமும் இரும்பும் பழையதாகவே வாங்குங்கள். காரணம் மூட்டைப்பூச்சி. இந்த ஊர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மூட்டைப்பூச்சிக்கு அது தெரியாது. பழைய சோபா மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய நண்பர் குடும்பம், பூச்சி ஒழிப்பவருக்குக் கொடுத்த பணத்தில் புது சோபாவே வாங்கியிருக்கலாம்.

படிக்கும் மேசை, புத்தக அலமாரி, சைக்கிள், இஸ்திரிப் பலகை, துணி காயப்போடும் சட்டம் ஆகியவை பழையதில் அருமையாகக் கிடைக்கும். 2012இல் இங்கேயே தொடங்கிய கரோசெல் செயலியில் அக்கம்பக்கத்துப் பொருளைத் தேடலாம். ஜூனிலும் டிசம்பரிலும் ஊர் மாறிப் போகிறவர்கள் அதிகம். அந்த மாதங்களில் 'எடுத்துக்கொண்டு போனால் போதும்' என்று இலவசமாகவே கொடுப்பார்கள். ஆனால் லாரிக் கூலியைக் கேட்டுவிட்டு ஆசைப்படுங்கள். பத்து வெள்ளி மேசையைக் கொண்டுவர அதைப்போலப் பல மடங்கு ஆகும். பழைய புளோக்குகளில் லிஃப்ட் சிறியது; அளவெடுக்காமல் வாங்கிய அலமாரியைக் கீழ்த்தளத்திலேயே விட்டுவிட்டு வந்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு. கூட்டுரிமை வீடுகளில் சாமான் ஏற்றி இறக்க நிர்வாகத்திடம் முன்கூட்டியே நேரம் குறிக்க வேண்டும், வைப்புத்தொகையும் கேட்பார்கள்.

புதிது என்றால் அலெக்ஸாண்ட்ரா, தெம்பனிஸ், ஜூரோங் மூன்று இடத்திலும் ஐக்கியா அறைகலன் கடை இருக்கிறது. நாமே பாகங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டிய சாமான். என் கணவர் ஒரு முழு சனிக்கிழமையைப் புத்தக அலமாரிக்குப் பலி கொடுத்தார், அது இன்னும் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் சாமானுக்கு தைசோ போன்ற மலிவுக் கடைகளும் பேட்டைக்குப் பேட்டை இருக்கும் சில்லறைக் கடைகளும் போதும். அந்தப் பேட்டைக் கடைகளில்தான் துடைப்பமும் வாளியும் குவளையும் வாங்கினேன். குளியலறைக்கு வாளியும் குவளையும் முதல் நாளே வேண்டும். முழு வசதி வீடு எதிலும் அவை இருந்ததில்லை.

பழைய சாமானில் இன்னொரு சிக்கல், வைக்க இடம். வீட்டுக்கு வெளியே நடைவழியில் காலணி அலமாரியும் சைக்கிளும் வைத்து அடைத்தால் நகர மன்றத்திலிருந்து எச்சரிக்கை வரும்; 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். வேண்டாத பெரிய சாமானை எடுத்துப்போக வீவக வீடுகளுக்கு நகர மன்றத்தின் சேவை உண்டு. சின்னதை, வீடு வீடாகப் பழைய சாமான் வாங்க வரும் காராங்குனிக்காரரிடம் போடலாம், சில நாணயம் கொடுத்துவிட்டும் போவார்.

படுக்கை

இரண்டே வரி. வீட்டுக்காரரின் மெத்தைக்கு நீர் புகாத மேலுறை முதல் நாளே வாங்கிப் போடுங்கள், அவர் மெத்தையிலிருந்து உங்களையும் உங்கள் குழந்தையிடமிருந்து அவர் மெத்தையையும் அது காக்கும். ஊரிலிருந்து விரிப்புக் கொண்டுவந்தால் சாதா விரிப்பாகக் கொண்டு வாருங்கள். இங்கே இருவர் படுக்கை 152 சென்டிமீட்டர் அகலம், 190 நீளம், ஒருவர் படுக்கையில் 'சூப்பர் சிங்கிள்' என்று 107 அகலத்தில் வேறு ஒன்று இருக்கிறது, எலாஸ்டிக் வைத்த ஊர் விரிப்பு அதில் பொருந்தாது.

சாவி வாங்கும் நாள்

முழு வசதி வீடு எடுக்கிறவர்களுக்கு மட்டும் இது. எத்தனை சாமான் வாடகையோடு வருகிறதோ, அத்தனைக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தோடு ஒரு சாமான் பட்டியல் தருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். கீறல், கறை, உடைந்த கைப்பிடி எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து அன்றே முகவருக்கு அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் முதல் முப்பது நாளில் தெரியவரும் பழுதை வீட்டுக்காரர் சரிசெய்வார். அதற்குப் பிறகு சிறு பழுதுக்குக் குறிப்பிட்ட தொகை வரை நம் தலையில்தான். குளிர்சாதனத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்த ரசீதுகளையும் சேர்த்து வைக்க வேண்டும். முன்பணம் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, இரண்டாண்டுக்கு இரண்டு மாதம் என்பது இங்கே வழக்கம். வேலை போனாலோ ஊர் மாறினாலோ இடையில் விலக வழி செய்யும் டிப்ளமேட்டிக் கிளாஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓராண்டு முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்பு என்பதுதான் பரவலான வடிவம். சொந்தச் சோபா வாங்கலாமா என்பதற்குக் கூட இந்த வரியில் விடை இருக்கிறது.

முத்திரைத் தீர்வை வாடகைதாரர் கட்டுவதே வழக்கம். நான்கு ஆண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 3,500 வெள்ளி வீட்டுக்கு இரண்டாண்டுக்கு 336 வெள்ளி. இங்கே கையெழுத்தானால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். சாமானுக்குத் தனி வாடகை என்று பிரித்துக் காட்டினாலும் தீர்வைக் கணக்கில் அதுவும் சேர்ந்துவிடும். அதனால் பிரித்துப் போட்டால் மிச்சம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முன்பணத் தகராறு பேச்சில் தீரவில்லை என்றால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வீட்டு ஒப்பந்தங்களுக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் தேவையில்லை. நாங்கள் அந்த வாசல் வரை போகவில்லை. படங்களைக் காட்டியதும் வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

முதல் வீட்டைக் காலி செய்த அன்று முகவர் பட்டியலை வைத்துக்கொண்டு வைன் கிளாஸ்களை எண்ணினார். ஆறும் இருந்தன. அந்த வாணலியையும் அதே கறுப்போடு ஒப்படைத்தேன். கிரைண்டரை, மாவு பாக்கெட்டில் வாங்கலாம் என்று சொன்ன மேல் வீட்டு அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். தீபாவளிக்கு மறுநாள் அவர் வீட்டுக்குப் போனபோது அது ஓடிக்கொண்டிருந்தது.